நான்கு வரிச் செய்தியும் ஒரு நீச்சல் அணியும்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு முதலில் கைவந்தது மரணச் செய்தி எழுதுவதுதான். அதிலும் நீரில் மூழ்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி. அதற்கென்று ஓர் அச்சு இருந்தது. நண்பர்களுடன் நீராடச் சென்ற மாணவன் ஒருவன் நீரில் மூழ்கிப் பரிதாபமாக உயிரிழந்தான் என்பது முதல் வரி. பெயர், வயது, ஊர், பாடசாலை இரண்டாவது வரி. ஊரவர்களால் மீட்கப்பட்ட சடலம் பிரேத பரிசோதனைக்காக வைத்தியசாலையில் வைக்கப்பட்டுள்ளது என்பது மூன்றாவது. மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர் என்பது நான்காவது. பெயரையும் குளத்தையும் மாற்றினால் அடுத்த மாதத்துக்கும் அதே செய்தி உதவும். உதவவும் செய்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட எனது தொழில் வாழ்க்கையில் இவ்வாறான நான்கு வரிகளை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அந்த நான்காவது வரியைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துப் பார்க்கின்றேன். மேலதிக விசாரணை என்று எழுதினோமே, அதன் பின்னர் எவராவது எதையாவது விசாரித்தார்களா? அந்தப் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா, தெரியாவிட்டால் ஏன் தெரியவில்லை, கரையில் நின்ற மற்றப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று நானும் கேட்கவில்லை, எனது ஆசிரியபீடத்தில் எவரும் கேட்கச் சொல்லவும் இல்லை.

இதை இன்று எழுதத் தூண்டியவர் சொறிக்கல்முனையைச் சேர்ந்த ஓர் உடற்கல்வி ஆசிரியர். சொறிக்கல்முனையை அறியாத வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்கு மேற்கே, நாவிதன்வெளிப் பிரதேசத்தில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கக் கிராமம் அது. திருச்சிலுவைத் திருத்தலத்தால் பெயர் பெற்றது. கிழக்கே நெருக்கமாக முஸ்லிம் நகரங்களும் தமிழ் ஊர்களும் கடலைப் பார்த்தபடி வரிசையாக இருக்கின்றன, மேற்கே வயல். இடையில் நீர். கல்முனையிலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டுமானால் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். மாரி கடுக்கும் ஆண்டுகளில் கிட்டங்கியை வெள்ளம் மேவிய செய்தி பத்திரிகைகளில் வராமல் போவதில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் பாடசாலைக்குப் போகும் படத்தைப் பல வாசகர்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஆசிரியர் என்னைத் தேடி வந்தது ஓர் உதவி கேட்டு. "அண்ணன், நாங்க ஒரு நீச்சல் அணி உருவாக்கப் பார்க்கிறம். பிள்ளையள் இருக்காங்க, ஆர்வம் இருக்கு, தடாகம்தான் இல்ல. ஒரு தடாகம் வேணும் எண்டு நீங்க ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் சற்று எரிச்சலாக இருந்தது. கூரை ஒழுகும் வகுப்பறைகள் இருக்கின்ற பிரதேசத்தில் நீச்சல் அணி எதற்கு? எட்டுப் பேர் பதக்கம் வாங்கிப் படம் எடுத்துக்கொள்வதற்காகப் பல கோடி ரூபாயில் தடாகமா? இதை நான் அவரிடம் இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால், என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். "ஒருக்கா வந்து பாருங்க, பிறகு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போய்ப் பார்த்தேன்.

சிறுபோகக் காலத்து அதிகாலை. வயலோரக் குளமொன்றின் ஆழமில்லாத மூலையில் கம்புகள் நட்டு, பழைய கரைவலைத் துண்டைச் சுற்றிக் கட்டி, ஒரு வகுப்பறை அளவில் அடைப்பு ஒன்று செய்திருந்தார். வலை எதற்கு என்று கேட்டேன். அது பிள்ளைகள் ஆழத்துக்குப் போகாமல் தடுக்க, முதலை உள்ளே வராமல் தடுக்கவும் என்றார். நம் பக்கத்து ஆறுகளிலும் குளங்களிலும் முதலை உண்டு என்பதைக் கொழும்பிலிருந்து திட்டம் தீட்டுபவர்கள் அறிய மாட்டார்கள். கரையில் லொறி டயரின் கறுப்புக் காற்றுக் குழாய்கள் மூன்று, ஒரு நீண்ட கயிறு, வெற்றுக் கலன்கள் சில. கரைவலை இழுத்த வயோதிபர் ஒருவர் கண்ணை எடுக்காமல் நீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை அது ஒன்றுதான். பதினொரு பையன்கள்.

நான் ஓட்டப் போட்டியைப் போல ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்தேன். முதல் இருபது நிமிடங்கள் ஒருவரும் நீந்தவே இல்லை. இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை நீருக்குள் புதைத்து, மூச்சைக் குமிழி குமிழியாக வெளியே விட்டார்கள். பிறகு மல்லாந்து மிதந்தார்கள். பிறகு நிலத்தை உந்திவிட்டு, கை நீட்டி, உடல் விறைக்காமல் வழுக்கிச் சென்றார்கள். அதன் பிறகுதான் கால் உதைத்தல். கை வீசுவது எல்லாவற்றுக்கும் கடைசி. "நீச்சல் எண்டா கை வீசுறது எண்டு நினைக்கிறாங்க. மூச்சு விடத் தெரியாதவன் எவ்வளவு வீசினாலும் ரெண்டு நிமிசத்தில களைச்சுப் போவான். மிதக்கத் தெரிஞ்சவன் களைச்சா மல்லாந்து கிடப்பான்" என்றார் ஆசிரியர்.

பயிற்சி முடியும் வேளையில் அவர் செய்வித்த ஒன்றுதான் என்னை உலுக்கியது. ஒரு பையனை ஆழமான பக்கத்தில் நிறுத்தி, மூழ்குபவனைப் போல நடிக்கச் சொன்னார். அவன் "ஐயோ, காப்பாத்துங்க" என்று கத்தினான். ஆசிரியர் சிரிக்கவில்லை. "பிழை. மூழ்குறவன் கத்த மாட்டான். மூச்சு எடுக்கவே வாய் காணாது; கத்துறதுக்கு எங்க காத்து? தலை பின்னுக்குச் சாயும், வாய் தண்ணி மட்டத்தில இருக்கும், கை ரெண்டும் தண்ணிய அமத்தும். பார்க்கிறவனுக்கு விளையாடுற மாதிரித் தெரியும். ஒரு நிமிசத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்" என்றார். பிறகு மற்றப் பையன்களிடம், என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவர்கள் பாடம் ஒப்புவிப்பதைப் போல ஒரே குரலில் சொன்னார்கள்: "எட்டிக் குடு, எறிஞ்சு குடு, இறங்காத." கம்பை எட்டிக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் கயிற்றையோ கலனையோ எறிய வேண்டும், பயிற்சி இல்லாதவன் நீரில் இறங்கக்கூடாது.

நான் அந்தக் குளக்கட்டில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால், எனக்கு ஒரு குளம் இருக்கின்றது. சாதாரண தரப் பரீட்சை முடிந்த அந்த டிசம்பரில் நாங்கள் ஐந்து பேர் குளிக்கப் போனோம். மாரி மழையில் குளம் நிறைந்திருந்தது. கோடையில் மண் அள்ளிய மடு ஒன்று நீருக்கடியில் இருந்ததை எவரும் அறியவில்லை. எங்களில் ஒருவன் அதற்குள் வழுக்கிவிட்டான். அவன் கத்தவில்லை. அவன் விளையாடுகிறான் என்று நாங்கள் சிரித்தோம். உண்மை புரிந்தபோது, நீந்தத் தெரிந்ததாக நாங்கள் நம்பிய ஒருவன் பாய்ந்து, அவனும் மூழ்கப் பார்த்து, தட்டுத்தடுமாறிக் கரையேறினான். நான் கரையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அவன் கரையிலிருந்து இரண்டு பாகம் தூரத்தில்தான் இருந்தான். என் இடுப்பில் ஒரு சாரன் இருந்தது. அதை அவிழ்த்து முனையைப் பிடித்துக்கொண்டு எறிந்திருக்கலாம் என்பதை, ஐம்பது வயதுக்குப் பிறகு, பதினான்கு வயதுப் பையன்கள் ஒப்புவித்த மூன்று சொற்களிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

அடுத்த நாள் பத்திரிகையில் அவனைப் பற்றியும் நான்கு வரிகள் வந்தன.

சரி, எனது கதை போகட்டும். கணக்கைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கின்றது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முப்பது வயதை எட்டாதவர்கள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட மரணங்கள் வறிய, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கின்றன. 2021இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25ஆம் திகதியை நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான உலக தினமாக அறிவித்தது. பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும், நீர்ப் பாதுகாப்பும், ஆபத்தில்லாமல் காப்பாற்றும் முறையும் கற்பிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று. அந்தக் குளத்து மூலையில் நடந்தது அட்சரம் பிசகாமல் இந்த மூன்றும்தான்.

நம்மிடையே நீச்சல் வீரர்களுக்குக் குறைவில்லை. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக, 51 மணித்தியாலத்தில் நீந்தினார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தபோது தமிழுலகமே துக்கம் கொண்டாடியது. தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் 1994இல், பன்னிரண்டு வயதில், ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 2024இல் திருகோணமலையைச் சேர்ந்த பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் பாக்கு நீரிணையைக் கடந்தபோது கிழக்கு மாகாணமே மகிழ்ந்தது. இவற்றையெல்லாம் நாம் முதற்பக்கத்தில் போட்டோம். போட வேண்டியதுதான். ஆனால், நீரிணையைக் கடந்த ஒருவனுக்கு முதற்பக்கமும், வாய்க்காலைக் கடக்க முடியாத பலருக்கு உட்பக்கத்தின் நான்கு வரிகளும் என்பதே நமது பத்திரிகை மரபாக இருந்து வந்திருக்கின்றது. நீந்துவது சாகசக்காரர்களின் வேலை என்ற எண்ணத்தை வளர்த்ததில் எங்களுக்கும் பங்குண்டு.

இனி அம்பாறைக் கரைக்கு வருகின்றேன். 2004 டிசம்பர் 26 பற்றி இந்த மாவட்டத்தவர் எவருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இலங்கையில் மிக அதிகமானோரை இழந்த மாவட்டம் இது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரத்தில் இழப்பில்லாத ஊர் இல்லை. அம்பாறை மாவட்ட முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. அந்தக் குடும்பங்களின் ஆண்களில் 8.2 சதவீதமானோர் இறந்திருந்தார்கள், பெண்களில் 17.5 சதவீதமானோர். இரண்டு மடங்குக்கும் மேல். ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கையும் பெண்களே அதிகம் இறந்ததைச் சுட்டிக்காட்டி, இலங்கையில் ஆண் பிள்ளைகள் நீந்தவும் மரமேறவும் பழகுகின்றார்கள், பெண் பிள்ளைகள் பழகுவதில்லை என்பதைக் காரணங்களில் ஒன்றாகக் கூறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, உடுத்தியிருந்த உடை, அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தது என்று வேறு காரணங்களும் உண்டு. சுனாமி அலையில் நீச்சல் எவ்வளவு தூரம் உதவும் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆயினும் இரண்டு மடங்கு என்ற கணக்கைப் படித்த பிறகு, பதினொரு பையன்களை மாத்திரம் கொண்ட ஓர் அடைப்பைப் பார்த்து முழுமனதாக மகிழ என்னால் முடியவில்லை. அதை ஆசிரியரிடமும் சொன்னேன்.

அவர் மறுக்கவில்லை. "பெண் பயிற்றுநர் ஒருவர் வேணும், மறைப்பு வேணும், தாய்மார் வந்து பக்கத்தில இருக்க இடம் வேணும். இந்த மூண்டும் இருந்தா அனுப்பமாட்டம் எண்டு சொன்ன தகப்பன்மார் ரெண்டு பேர்தான்" என்றார். இதை நான் நம்புகின்றேன். இதே மாவட்டத்தின் அறுகம்குடாவில் 2018இல் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. நாட்டில் பெண்களுக்கென்று உருவான முதலாவது கழகம் அது. எதிர்ப்புகள் வந்தன, வீடுகளில் வாக்குவாதங்கள் நடந்தன. ஆனாலும் பெண்கள் அலையில் ஏறி நின்றார்கள். உடையைப் பற்றிப் பேசுபவர்களுக்கு ஒன்று: முழு உடலையும் மறைக்கும் நீச்சலுடை இருபது ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கின்றது. நெதர்லாந்தில் பிள்ளைகளுக்கான முதலாவது நீச்சல் சான்றிதழ்ப் பரீட்சையிலேயே உடுத்த உடையோடு நீந்திக் காட்ட வேண்டும். காரணம் எளிது. தவறி விழுபவர் எவரும் உடை மாற்றிக்கொண்டு விழுவதில்லை. பிள்ளைக்கு நீச்சல் கற்பிப்பது பெற்றோரின் கடமை என்ற எண்ணம் இஸ்லாமிய மரபுக்கோ, வேறு மரபுகளுக்கோ புதிதானதும் அல்ல. ஜும்ஆ மேடையிலிருந்தும் கோவில் திருவிழா ஒலிபெருக்கியிலிருந்தும் ஞாயிறு பூசையிலும் ஒரு தடவை இதைச் சொன்னால், எனது பத்துக் கட்டுரைகளை விட அதிகம் பயன் கிடைக்கும்.

இங்கே ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்தவர்கள் நிந்தவூரில் மத்ரசாவில் ஓதிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள். சிலர் காப்பாற்றப்பட்டார்கள், பலர் ஜனாஸாவாகத்தான் வீடு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரிந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று எழுத எனது பேனா துணியாது. அந்த வேகத்தில் தேர்ந்த நீச்சல்காரனும் தடுமாறுவான். முழங்காலுக்குக் கீழே ஓடும் வெள்ளமே வளர்ந்த மனிதனைச் சாய்த்துவிடும். இரண்டடி ஆழ ஓட்டம் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். அங்கே தவறியது நீச்சல் அல்ல, நீரை மதிப்பிடும் அறிவு. ஓடும் வெள்ளத்துக்குள் வாகனத்தை இறக்கக்கூடாது என்ற சாதாரண அறிவு. அந்த அறிவையும் எவரோ எங்கேயோ கற்பிக்க வேண்டும் அல்லவா? பாடசாலையில் அதற்குரிய ஆசிரியர் யார்? கணிதமா, விஞ்ஞானமா, சமயமா? நான் பார்த்த நீச்சல் பயிற்றுநர், பயிற்சி தொடங்குவதற்கு முன்னர் பையன்களைக் குளக்கட்டில் நிறுத்தி, "இண்டைக்குத் தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். நிறம், ஓட்டம், காற்று, முதல்நாள் மழை எல்லாவற்றையும் அவர்கள் சொல்ல வேண்டும். "இறங்கக்கூடாது" என்பதும் சரியான விடையாக ஏற்றுக்கொள்ளப்படும். நான் போன பிறகு ஒரு நாள் அவர்கள் இறங்காமலேயே திரும்பினார்களாம். அன்றைய தினம்தான் அணியின் மிகச் சிறந்த பயிற்சி நாள் என்பது எனது அபிப்பிராயம்.

இப்போது, தடாகம். ஆசிரியருக்கும் எனக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கும் இடம் இது. அவர் சொல்வது: போட்டி இல்லாவிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று பெயர் வந்தால்தான் அதிபருக்கு உற்சாகம், பணிமனைக்கு அக்கறை, பெற்றோருக்குப் பெருமை. அணியில் இடம் பிடிக்க வேண்டும் என்ற ஆசைதான் பையன்களை விடியற்காலையில் எழுப்புகின்றது. போட்டிக்கு 25 மீற்றரோ 50 மீற்றரோ அளந்த தடாகம் வேண்டும். மாவட்ட எல்லை கடந்து மட்டக்களப்பு வெபர் மைதானத் தடாகத்துக்கு ஒவ்வொரு கிழமையும் பிள்ளைகளை ஏற்றிப் போக முடியாது. இவற்றில் ஒன்றையும் நான் பிழை என்று சொல்லவில்லை. வெபர் மைதானம் யாருடைய பெயரைச் சுமக்கின்றது என்பதை நினைத்தால் அவரது கட்சிக்கு வலு கூடுகின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி ஒருவர் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்றுநராக வாழ்ந்து முடித்தார். ஓர் ஊரின் விளையாட்டு வரலாறே மாறியது. ஒரு பயிற்றுநரால் அவ்வளவு முடியும்.

நான் சொல்வது வேறு. தடாகத்துக்காகக் காத்திருந்தால் இன்னும் ஒரு தலைமுறை நான்கு வரிகளுக்குள் போய்விடும். பங்களாதேஷைப் பாருங்கள். நம்மைவிட வறிய, நம்மைவிட நீர் சூழ்ந்த நாடு. அங்கே கிராமத்துக் குளங்களுக்குள் மூங்கில் தளமும் வேலியும் அமைத்து, கிராமத்து இளைஞர்களையே பயிற்றுநர்களாக்கி, பல இலட்சம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பித்திருக்கின்றார்கள். 25 மீற்றர் நீந்தவும் 30 வினாடி மிதக்கவும் முடிந்தால் பிள்ளை தேறியதாகக் கணக்கு. அவ்வாறு கற்ற, நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக ஆய்வு கூறுகின்றது. ஐஸ்லாந்து ஒரு மீனவ நாடு. கரைக்கு அருகிலேயே மீனவர்கள் மூழ்கி இறந்த நாடு. 1940களிலேயே அங்கு பாடசாலைகளில் நீச்சலைக் கட்டாய பாடமாக்கினார்கள். நமது மீனவ ஊர்களில் ஓர் உயிரைக் காக்கும் கல்விக்கு ஒரு பாடவேளையும் இல்லை.

ஆகவே, எனது யோசனை இதுதான். போட்டியும் இருக்கட்டும், பதக்கமும் இருக்கட்டும். ஆனால், ஒரு பாடசாலை நீச்சல் போட்டிக்கு அணி அனுப்ப வேண்டுமானால், அந்தப் பாடசாலையின் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அனைவரும், ஆணும் பெண்ணும், மிதந்து காட்டியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைக்கட்டும். நோய் காரணமாக இறங்க முடியாத பிள்ளை கரையிலிருந்து கயிறு எறிந்து காட்டட்டும். அதுவே போட்டிக்கான அனுமதிச் சீட்டு. அப்போது அணியில் உள்ள மிக வேகமான பையன், வகுப்பில் நீரைக் கண்டு நடுங்கும் பிள்ளையைக் கைபிடித்து இறக்குவான். ஏனென்றால், அந்தப் பிள்ளை மிதக்காவிட்டால் இவனுக்குப் பதக்கம் இல்லை. ஆசிரியர் சொல்லும் போட்டி ஆசையும் வீணாகாது. நான் கவலைப்படும் கடைசிப் பிள்ளையும் விடுபடாது. பயிற்றுநரைப் பாராட்ட விரும்பினால், எத்தனை பதக்கம் என்று கேட்பதற்கு முன்னர் எத்தனை பிள்ளைகள் மிதக்கின்றார்கள் என்று கேட்போம்.

இதை ஆசிரியரிடம் சொன்னபோது நீண்ட நேரம் யோசித்தார். "அப்படியெண்டா நாங்க முதல் மூண்டு வருசம் ஒரு போட்டிக்கும் போக ஏலாது அண்ணன்" என்றார். உண்மைதான். அது சிறிய விலையல்ல. அவரது பதினொரு பையன்களில் இரண்டு பேர், நேரம் அளந்தால், மாகாண மட்டத்தில் நிற்கக்கூடியவர்கள் என்று அவர் நம்புகின்றார். மூன்று ஆண்டுகளில் அவர்கள் பாடசாலையை விட்டே போய்விடுவார்கள். இந்த ஏமாற்றத்துக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் ஆண்டுகளில் ஒரு வகுப்பு மாத்திரம் மிதந்தால் போதும் என்று நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். வேறு யோசனை உள்ள வாசகர்கள் எழுதுங்கள், அவரிடம் சேர்ப்பிக்கின்றேன்.

கடைசியாக, கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கு. ரொறன்ரோவில் வசிக்கும் உங்கள் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பில், உயிர்தப்ப நீந்துதல் என்று ஒரு பாடம் கிடைத்திருக்கும்: ஆழ்நீருக்குள் உருண்டு விழ வேண்டும், ஒரு நிமிடம் மிதந்து நிற்க வேண்டும், 50 மீற்றர் நீந்த வேண்டும். இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலையை முடிக்கும் முன்னர் 25 மீற்றர் நீந்துவது பாடத்திட்டத்தில் உள்ளது. சனிக்கிழமைகளில் துவாயும் பையுமாகப் பிள்ளையை அழைத்துச் சென்று தடாகத்தின் ஓரத்தில் காத்திருந்த பெற்றோர் உங்களில் எத்தனை பேர்! அந்த அறிவு ஊரில் உள்ள உங்கள் அண்ணனின் பிள்ளைக்கும் தேவை. பழைய மாணவர் சங்கங்கள் ஊருக்கு நிறையச் செய்கின்றன, நன்றியோடுதான் சொல்கின்றேன். ஆனால், நுழைவாயில் வளைவுகளும் பெயர்ப் பலகைகளும் நம் பாடசாலைகளில் போதிய அளவு எழுந்துவிட்டன. அடுத்த தடவை பணம் சேர்க்கும்போது, ஓர் ஆசிரியைக்கும் ஓர் ஆசிரியருக்கும் உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றுக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு கயிறு, சில மிதவைகள், நல்ல வலை, தாய்மார் இருக்க ஒரு கொட்டில். வளைவுக்கு ஆகும் செலவில் பாதியும் ஆகாது. கல்லில் உங்கள் பெயர் பொறிக்கப்படாது என்பது ஒன்றுதான் குறை.

தடாகம் வேண்டும் என்று எழுதித் தரும்படி கேட்டார்; நான் இதை எழுதியிருக்கின்றேன். அவர் கோபிக்க மாட்டார் என்று நினைக்கின்றேன். அன்று விடைபெறும்போது, உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். "அடுத்த முறை வரக்குள்ள சாரன் ஒண்டு கொண்டு வாங்க அண்ணன். இடுப்பளவுத் தண்ணிதான்" என்றார்.

எனது கதை அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. அடுத்த மாதம் போவதாக இருக்கின்றேன்.